கிண்டியில் இன்னொரு தாயம்மா

ஆற்றங்கரை வாழ் மக்கள் மேம்பாட்டு ஆணையத்தின் தலைமை அலுவலகம் தியாகராய நகரில் இருந்தது. அங்கிருந்து எந்த ஆறும் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கரையோரக் குடிசைகளில் இருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்குவது ஆணையத்தின் பணி. யாருக்கு எந்த வீடு என்ற விவரம் முழுவதும் ஒரு சர்வரில் இருந்தது. அலுவலகத்தில் ஏ.சி. ஒழுங்காக ஓடிய ஒரே அறை சர்வர் அறைதான். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊழியர்கள் பலர், அரசு உடைமையைப் பாதுகாக்கும் பொருட்டு, அங்கேயே சற்றுக் கண்ணயர்வது வழக்கம்.

இணை இயக்குநர் தனபாலன் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நீச்சல் குளம் உள்ள விடுதி ஒன்றில் நடந்த பேரிடர் மீட்புக் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது நிம்மதியான மனிதர். வரும்போது கலங்கிப்போயிருந்தார்.

"நம்ம சர்வர் தலையில இடி விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று எதிர்ப்பட்டவரை எல்லாம் நிறுத்திக் கேட்டார்.

கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் யோசித்துவிட்டு, "அன்னிக்கு லீவு விடுவாங்களா சார்?" என்றார்.

இப்படிப்பட்ட பொறுப்பின்மையைக் கண்ட பிறகுதான் தனபாலன் இரண்டாவது சர்வர் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். முதல் சர்வரில் உள்ளது அத்தனையும் தினமும் மாலையில் இரண்டாவதற்குத் தானாகப் போய்ச் சேரும். ஒன்று அழிந்தால் இன்னொன்று இருக்கும். நிதித்துறையிலிருந்து உடனே ஆட்சேபம் வந்தது: 'கேன்டீனில் ஏற்கெனவே ஒரு சர்வர் பணியில் இருக்கையில், கூடுதலாக ஒருவரை நியமிக்க வேண்டிய அவசியம் என்ன?' இது ஆள் அல்ல, இயந்திரம் என்று விளக்கம் அனுப்பி, படம் ஒட்டி, ஒப்புதல் வாங்குவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

இரண்டாவது சர்வர் தொலைவில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதிகாரி காரில் போய்ப் பார்வையிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அதைவிடப் பழைய விதி. இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்துக் கிண்டி தொழிற்பேட்டையில் ஓர் அறை பிடித்தார்கள். தேங்காய் உடைத்து, சர்வரின் நெற்றியில் சந்தனம் வைத்து, தனபாலன் பொத்தானை அழுத்தினார். அன்று மாலையே கரையோர மக்கள் எல்லோரும் ஒருவர் பாக்கியில்லாமல் கிண்டியிலும் குடியேறினார்கள்.

இந்த ஆணையத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. அதன் பெயர் போலிப் பதிவு ஒழிப்புப் பிரிவு. அதற்குத் தலைவர் துணை இயக்குநர் மதிவாணன். ஒரே ஆள் இரண்டு இடத்தில் பெயர் கொடுத்து இரண்டு வீடு வாங்கிவிடாமல் தடுப்பது அவர் வேலை. பல ஆண்டுகளாக வலை விரித்தும் அவருக்கு ஒரு போலிகூடச் சிக்கவில்லை. கிண்டி சர்வரும் தம் கணினியில் தெரியத் தொடங்கிய அன்று, அவர் இரண்டு பட்டியலையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் பெயர் இரண்டிலும் இருந்தது. இரண்டாவதும் இருந்தது. மூன்றாவதைப் பார்க்கும்போது அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கடைசிப் பெயரைப் பார்த்து முடித்ததும் எழுந்து நின்று தண்ணீர் குடித்தார்.

ஒட்டுமொத்தக் கரையோரமும் மோசடி செய்திருக்கிறது! அதிலும் ஒரு எழுத்துகூடப் பிசகாமல், தகப்பன் பெயர் முதல் கைரேகை வரை அச்சு அசலாக! இவ்வளவு கட்டுக்கோப்பான மோசடியை அவர் பணிக்காலத்தில் கண்டதில்லை. வீடு ஒதுக்கீடு அத்தனையையும் நிறுத்திவைத்து, எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பினார்.

அந்த நோட்டீஸ்களில் ஒன்று சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய குடிசை ஒன்றுக்கு வந்தது. அது தாயம்மாவின் குடிசை. அடையாற்றில் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிப் பிழைப்பவள். மகள் கயல் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை செய்தாள். மாடி மாடியாக ஒலிக்கும் கடை மைக்கில் அறிவிப்புச் சொல்வது அவள்தான். தாயம்மாவுக்கு மூன்றாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கியாகிவிட்டது. சாவி வாங்குவது ஒன்றுதான் பாக்கி. மழைக்கு முன்னால் குடிசைகளைப் பிரித்துவிடுவோம் என்று கரையில் சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாவி கைக்கு வராவிட்டால் அம்மாவும் மகளும் தெருவில்தான்.

தாயம்மா கயலைக் கூட்டிக்கொண்டு தி.நகர் அலுவலகத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் சகினா என்ற எழுத்தர் இருந்தார். கெட்ட மனுஷி அல்ல. கணினித் திரையை மட்டும் நம்புகிறவர்.

"அம்மா, நீங்க தி.நகர்லயும் இருக்கீங்க, கிண்டிலயும் இருக்கீங்க."

"நான் சிந்தாதிரிப்பேட்டைல கீறேம்மா."

சகினா குரலைத் தாழ்த்தினார். "மூணாவதா ஒரு இடத்தை வேற சொல்லாதீங்க. கேஸ் பெருசாயிடும்."

"அப்ப சாவி?"

"கிண்டில இருக்கிற தாயம்மா நேர்ல வந்து, 'நான் போலி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, உங்களுக்குச் சாவி கிடைக்கும்."

"அவ எப்டி இருப்பா?"

சகினா திரையைப் பார்த்தார். "உங்களை மாதிரியேதான் இருக்காங்க. அதுதான் பிரச்சினையே."

கயலுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், ஒரு தாயம்மாவுக்கே நீங்க வூடு குடுக்கல. ரெண்டாவதா ஒருத்தி இன்னாத்துக்கு வரப்போறா?"

"அதெல்லாம் மதிவாணன் சார்கிட்டதான் கேக்கணும்," என்றார் சகினா.

மதிவாணன் அப்போது யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை. கிண்டியில் இருந்த பெயர்களை எல்லாம் அவர் முதல் நாள் தம் கையாலேயே அழித்திருந்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒன்று குறையாமல் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். மறுபடி அழித்தார். மறுபடி வந்தார்கள். மோசடிக் கும்பல் எப்படியோ உள்ளே புகுந்து எழுதிவிட்டுப் போகிறது என்று தீர்மானித்து, கிண்டி அறை வாசலில் வேலு என்பவரைக் காவலுக்குப் போட்டார். ஒரு வாரம் காவல் இருந்த வேலு, "சத்தியமா ஒரு ஈ, காக்கா வரல சார்" என்று உள்ளதைச் சொன்னார். கும்பலுக்கு உடந்தை என்று வேலுவை இடைநீக்கம் செய்தார்கள்.

விவகாரம் தனபாலன் காதுக்கு எட்டியது. அவர் மதிவாணன் அறைக்குள் புயலாக நுழைந்தார்.

"யோவ், என் நகலை ஏன்யா அழிக்கிறே?"

"போலியை அழிக்கிறது என் கடமை சார். அரசாணை இருக்கு."

"நகல் எடுக்கிறது என் கடமை. எனக்கும் அரசாணை இருக்கு."

"அப்ப ரெண்டு அரசாணைல ஒண்ணு போலியா இருக்கணும் சார்."

இருவரும் இரண்டு அரசாணைகளையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே அதிகாரிதான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகவே உயர்மட்டக் குழு ஒன்று கூடியது. முந்திரி பக்கோடாவும் காபியும் வந்தன. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு குழு கீழ்க்கண்ட முடிவுக்கு வந்தது: கிண்டியில் உள்ள நகல், மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று தினமும் சான்றளிக்கப்படுகிறது. தி.நகரில் உள்ள மூலத்துக்கு அப்படி யாரும் இதுவரை சான்று அளித்ததில்லை. சான்று பெற்ற ஒன்றும் சான்று பெறாத ஒன்றும் இருக்கையில், எதை வைத்துக்கொண்டு எதை அழிப்பது என்பது சிறு குழந்தைக்கும் விளங்கும்.

மூலத்தை அழித்தார்கள். மதிவாணன் கைதட்டினார். தனபாலனும் கைதட்டினார்.

மாலையில் சர்வர் தன் கடமையைச் செய்தது. தி.நகரில் இருந்த வெறுமையை ஒரு துளி சிந்தாமல் கிண்டிக்கு எடுத்துக்கொண்டு போய் வைத்தது.

மறுநாள் ஆணையம் வெளியிட்ட செய்திக்குறிப்பை நாமும் படித்துப் பெருமைப்பட்டிருப்போம். 'இரு சர்வர்களும் முழுமையாக ஒத்துப்போகின்றன. போலிப் பதிவு ஒன்றுகூட இல்லை.' இரண்டு வாக்கியமும் உண்மை. இரு அதிகாரிகளுக்கும் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதன் பிறகுதான், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, ஆற்றங்கரையில் வசிப்போர் அனைவரும் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், தகுதியானவர்களை மதிவாணன் நேரில் பேசித் தேர்ந்தெடுப்பார் என்றும் இன்னொரு அறிவிப்பு வந்தது.

இந்த இடத்தில் ஜானு மாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாயம்மா வேலை செய்த வீடுகளில் மாமி வீடும் ஒன்று. அடையாற்றில், ஆற்றைப் பார்த்த அடுக்குமாடியில் தரைத்தளம். மகன் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. 'எதுக்கும் ஒரு பேக்கப் வேணும்மா' என்று அவன் என்றைக்கோ போனில் சொன்னதை மாமி வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மிக்ஸி இரண்டு, கிரைண்டர் இரண்டு. பிரஷர் மாத்திரை கூடத்தில் ஒரு டப்பா, பூஜை அலமாரியில் ஒரு டப்பா. மாமியை மட்டும் சொல்வானேன்? அந்த ஆண்டு மயிலாப்பூர், அடையாறு பக்கம் பேக்கப் ஒரு நாகரிகமாகவே பரவியிருந்தது. கல்யாணத்துக்குச் சமையல்காரர் ஒருவர், அவருக்குப் பேக்கப் ஒருவர். மாடவீதிக் குடும்பம் ஒன்று மாப்பிள்ளைக்கே பேக்கப் பார்த்துவைத்திருந்து, அது முதல் மாப்பிள்ளைக்குத் தெரிந்து, முகூர்த்தத்தன்று பெரிய ரகளையாகிவிட்டது.

அறிவிப்பை மாமி பேப்பரில் படித்தாள். ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாள்.

"தாயம்மா, ஆத்தங்கரைல இருக்கறவான்னுதானே போட்டிருக்கு? குடிசைன்னு போடலையே. நானும் ஆத்தங்கரைதானே?"

"நீ சொல்றதும் ஞாயந்தான் மாமி."

"இங்க வெள்ளம் கிள்ளம் வந்தா நேக்கு வேற எடம் ஏது சொல்லு. ஒரு பேக்கப் வீடு இருந்தா நல்லதுதானே? ஆனா, மனு போட்டவா பேசற பேச்சை வச்சுதான் கண்டுபிடிக்கறாளாம். கரையோரப் பாஷை வரணுமாம். நீதான் நேக்குச் சொல்லிக் குடுக்கணும்."

தாயம்மா பாத்திரத்தைத் தேய்த்தபடியே சொல்லிக்கொடுத்தாள். "'இன்னா நைனா, இங்கதான் கீறேன்'னு சொல்லு மாமி."

"இன்னா நைனா, இங்கதான் கீறேள்."

"கீறேள் இல்ல மாமி, கீறேன்."

சிந்தாதிரிப்பேட்டையில் அதே நேரம் வேறொரு பாடம் நடந்தது. அதிகாரி முன்னால் அம்மா கச்சிதமாகப் பேசினால்தான் மதிப்பார்கள் என்று கயல் நம்பினாள். அவளுக்குத் தெரிந்த கச்சிதமான தமிழ் ஜவுளிக்கடை மைக்கில் பேசுவதுதான். அதை அம்மாவுக்கு ராத்திரிச் சோற்றோடு சேர்த்து ஊட்டினாள்.

சைதாப்பேட்டையில் பந்தல் போட்டுத் தேர்வு நடத்தினார்கள். பந்தலுக்கு வெளியே கார்கள் நிறுத்த இடம் இல்லாமல் இரண்டு தெரு தள்ளி நின்றன. கரையோர மக்கள் இவ்வளவு கார் வைத்திருப்பது மதிவாணனுக்கே வியப்பாக இருந்தது. ஆனால் கார் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

தாயம்மாவின் முறை வந்தது. கை கூப்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஐயா அவர்களின் கனிவான கவனத்திற்கு. நான் கூவம் கரையோரத்தில் நெடுங்காலமாக வசித்து வருகின்றேன். தங்களது மேலான ஆதரவை நாடுகின்றேன்."

மதிவாணன் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, யாரை ஏமாத்தப் பாக்கறே? கூவங்கரைல யாராவது இப்படிப் பேசுவாங்களா? நீ ஏதோ பெரிய இடம். அடுத்தது."

"இன்னா சார், அக்குறும்பா கீது! நான் பொறந்ததே அங்கதான் சார்! இவ்ளோ நாளு அந்த நாத்தத்துல குந்திக்கினு கீறேன், என்னைப் போயி..."

"தேர்வு முடிஞ்சப்புறம் பேசற மொழியை எடுத்துக்க முடியாதும்மா. அடுத்தது!"

தாயம்மா பந்தலை விட்டு வெளியே வந்தாள். கயல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "நான்தான்மா கெடுத்துட்டேன்." தாயம்மா அழவில்லை. மகளின் தலையைத் தடவி, "நல்லாத்தான் பேசினேன், அவுருக்கு அவ்ளோதான் காது" என்றாள்.

அடுத்தது ஜானு மாமி. பழைய நூல் புடவை கட்டிக்கொண்டு, வைரத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். அதிகாரியைக் கண்டதும் படித்தது அத்தனையும் மறந்துவிட்டது. 'இன்னா' வரை வந்தது, 'நைனா' வரவில்லை.

"எங்க இருக்கீங்க?" என்று அதட்டினார் மதிவாணன்.

மாமி பதறிப்போனாள். "வேற எங்க இருப்பேன்? நான் எப்பவும் ஆத்துலதான் சார் இருக்கேன்!"

மதிவாணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆத்துலயேவா?"

"ஆமா சார். கல்யாணமான நாள்லேர்ந்து ஆத்தை விட்டு வெளியிலயே போனதில்லை."

கரையில் வசிப்பவர்களை அவர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்குள்ளேயே வசிக்கும் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார். கண் கலங்க, 'மிக அவசரம், முன்னுரிமை' என்று எழுதினார். மூன்றாவது மாடி வீடு ஒன்றின் சாவி அன்றே மாமியின் கைக்கு வந்தது.

ஐப்பசி பிறந்ததும் குடிசைகளைப் பிரித்தார்கள். தாயம்மா பானை, படுக்கை, கேஸ் அடுப்போடு பாலத்தின் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு ஆள் வராத காரணத்தைக் கண்டறிய ஆட்டோவில் வந்த மாமி அந்தக் கோலத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப்போனாள். மாமிக்கு நெஞ்சில் ஈரம் உண்டு.

"அந்த வீடு சும்மாதானே பூட்டிக் கெடக்கு. நீயும் உன் பொண்ணும் போய் இருந்துக்கோங்கோ. ஆனா ஒண்ணு, யாராவது வந்து கேட்டா நீதான் ஜானுன்னு சொல்லணும். இங்க வேலைக்கும் நிக்காம வந்துண்டு இருக்கணும். வாடகையைச் சம்பளத்துல பாத்துக்கலாம்."

தாயம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீட்டில் அடுத்தவள் பெயரைச் சொல்லிக்கொண்டு குடியேறினாள். ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். முதல் நாள் இரவு, மழைத் தண்ணீர் சொட்டாத கூரையை அண்ணாந்து பார்த்தபடி கயல் கேட்டாள்: "யம்மா, இது நம்ம வூடா, மாமி வூடா?"

"கதவ சாத்தினா நம்ம வூடு. தொறந்தா மாமி வூடு. தூங்கு."

ஒதுக்கீடு பெற்றவர்கள்தாம் குடியிருக்கிறார்களா என்று பார்க்கத் தனபாலன் நேரில் வந்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். 'பேரு?' 'வைதேகி சார்' என்றார் மீன்கூடையோடு வெளியே வந்த அம்மாள். 'பேரு?' 'லெச்சுமிநரசிம்மன் சார்' என்றார் ஹபீபுர் ரஹ்மான் என்ற மெக்கானிக். தாயம்மா தயங்காமல், "ஜானு" என்றாள். எல்லாப் பெயரும் பட்டியலோடு ஒத்துப்போனது. தனபாலன் மகிழ்ச்சியோடு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்.

கார்த்திகையில் வந்தது மழை. ஏரியைத் திறந்துவிட்டார்கள். விடிந்து பார்க்கும்போது அடையாறு, ஜானு மாமியின் வாசல்படி ஏறிக் கூடத்துக்குள் வந்திருந்தது. மாமி சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்றுகொண்டு ஆணையம் மழைக்கென்று திறந்திருந்த மீட்பு மையத்துக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் கவுன்ட்டர் சகினா.

"பேரு சொல்லுங்கம்மா."

"ஜானு. சீக்கிரம் படகு அனுப்புங்கோ, முழங்காலுக்கு வந்துடுத்து!"

சகினா திரையைப் பார்த்தார். "ஜானு பத்திரமா மூணாவது மாடில இருக்காங்களேம்மா. நிவாரணப் பையை இப்பதான் குடுத்துக்கிட்டு இருக்காங்க."

"அது நான் இல்லை! நான்தான் ஜானு!"

"ஒருத்தருக்கு ரெண்டு இடத்துல படகு அனுப்ப முடியாதும்மா. வேணும்னா அந்த ஜானுகிட்டயே லைன் குடுக்கறேன், நீங்களே பேசித் தீத்துக்குங்க."

மூன்றாவது மாடியில் நிவாரணப் பை கொடுக்க வந்த அதிகாரி, தன் போனைத் தாயம்மாவிடம் நீட்டினார். மாமியின் அலறல் கேட்டதும் தாயம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். எதிரே அதிகாரி நிற்கிறார். உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் மாமி போய்விடுவாள். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அது எங்க வூட்ல வேலை செய்ற பொம்பளை சார். பயத்துல என் பேரைச் சொல்லிக்கினு கீது. அதும் பேரு தாயம்மா. அடையாத்துல தனியா மாட்டிக்கினு கீது சார், ஒடனே படகு அனுப்ப சொல்லு சார், உன் கால்ல வுழறேன்."

அதிகாரி போனில் சொன்ன தாயம்மா என்ற பெயரைச் சகினா தேடிப் பார்த்தார். தி.நகரில் இல்லை. கிண்டியில் இல்லை. எங்கும் இல்லாத ஒரு பெயருக்கு இரட்டைப் பதிவு என்ற சிக்கலே எழாது. படகு உடனே புறப்பட்டது.

மேஜை மிதக்கத் தொடங்கும் நேரத்தில் படகு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. படகுக்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இந்த வூட்ல ஒரே ஒரு ஆளுதான் எழுதிக் கீது. உன் பேரு இன்னாம்மா?"

மாமி தண்ணீரைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள்.

"தாயம்மா."

"சத்தமா சொல்லும்மா, மழைல காது கேக்கல!"

"தாயம்மாதான் கீறேன் நைனா, சீக்கிரம் தூக்கு!"